தொண்டரா, சம்பளக்காரரா? அம்புலன்ஸ் வேலை பற்றி யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். முதலுதவித் தொண்டராகச் சேர்ந்து, பிறகு அம்புலன்ஸில் வேலை எடுக்க ஆசை. 'சம்பளம் இல்லாத வேலைக்கு ஏன் போறாய்' என்று அம்மா கேட்கிறா. அவவுக்கு நீரிழிவும் இருக்கிறது, தனியாக விட்டுவிட்டு அலையவும் ஏலாது. மாமாவோ, 'காசுக்குச் செய்தால் அது சேவையே இல்லை' என்கிறார். தொண்டருக்கும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? இதில் யார் திறம்?"

தங்கச்சி, அம்மா சொல்வதில் முக்கால்வாசி சரி. மாமா சொல்வது பிழை. ஆனால் இரண்டு பேரும் ஒரே சொல்லில்தான் தடக்குப்பட்டு நிற்கிறார்கள். நான் இந்த இரண்டு பக்கமும் இருந்தவன். சில வருடம் சம்பளம் இல்லாமல் முதலுதவிப் பெட்டியைத் தூக்கித் திரிந்தேன். பிறகு சம்பளத்துக்கு அம்புலன்ஸில் ஏறினேன். இப்போது ஓய்வு பெற்றபின் மறுபடி சம்பளம் இல்லாமல் பிள்ளைகளுக்கு முதலுதவி பழக்குகிறேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளும்.

முதலில் அந்தச் சொல். எங்கள் பக்கத்தில் "தொண்டர்" என்பதற்கு இரண்டு அர்த்தம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒன்று எல்லா நாட்டிலும் உள்ளது: தனக்கென்று ஒரு தொழிலோ படிப்போ இருக்க, மிச்ச நேரத்தில் கொஞ்சத்தைக் கொடுப்பவர். மற்றது எங்களுக்கே உரியது: நிரந்தர நியமனம் இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்று முழுநேர வேலையைச் சம்பளம் இல்லாமல் வருடக் கணக்கில் செய்பவர். தொண்டர் ஆசிரியர், சுகாதாரத் தொண்டர் என்று வடக்கில் எத்தனையோ பேர். நியமனம் கேட்டு வெயிலில் பந்தல் போட்டு இருந்தவர்களை நீரும் பார்த்திருப்பீர். அவர்கள் செய்தது தொண்டு அல்ல, கடனாகக் கொடுத்த உழைப்பு. வாங்கினவர் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் அது நடந்தது. இடத்தின் பெயர் வேண்டாம். ஓர் அலுவலகத்தில் 2 வருடமும் 4 மாதமும் காலை 8 மணிக்குக் கையெழுத்து வைத்தேன், பின்னேரம் 4 மணிக்கும் வைத்தேன். "அடுத்த பட்டியலில் முதல் பெயர் உம்முடையது" என்று ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் சொல்வார்கள். பட்டியல் வந்த அன்று நான் கையெழுத்து வைத்த கொப்பியைக் கறையான் அரித்துவிட்டதாம். பொய் இல்லை, உண்மையாகவே அரித்திருந்தது. பக்கத்தில் இருந்த சம்பளப் பதிவேட்டைத்தான் அந்தக் கறையான் தொடவில்லை. உம்முடைய அம்மா பயப்படுவது இதற்குத்தான். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மாமாவுக்கு ஒரு விசயத்தை ஞாபகப்படுத்தும். 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவத்தினர் புகுந்து சுட்டபோது இறந்தவர்களில் நோயாளிகள் மட்டும் இல்லை. மூன்று வைத்தியர்கள், தாதியர், சிற்றூழியர்கள் என்று கடமையில் இருந்தவர்களும் இறந்தார்கள். குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் அடுத்த நாள் கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தபோதுதான் சுடப்பட்டார். அவர்கள் எல்லாரும் மாதச் சம்பளம் வாங்கினவர்கள்தான். ஊர் அடங்கிக் கிடந்த அன்றைக்கும் வேலைக்கு வந்திருந்தார்கள். காசு வாங்கினால் சேவை இல்லை என்றால் இதற்கு என்ன பெயர் வைக்கிறது என்று மாமாவிடம் ஒருக்கால் கேளும்.

சரி, வித்தியாசம் எங்கே இருக்கிறது? மணிக்கூட்டில் இருக்கிறது.

இதயம் நின்றுபோன ஒருவருக்கு 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளை பழுதாகத் தொடங்கிவிடும். நெஞ்சை அமுக்காமலும் மின்னதிர்ச்சி கொடுக்காமலும் போகிற ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கிற வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைக் கொண்டு போகும். உலகத்தில் எவ்வளவு பணக்கார நகரமாக இருந்தாலும், சம்பளம் வாங்கும் ஆள் எல்லா வீட்டு வாசலுக்கும் 4 நிமிடத்தில் வந்து சேர முடியாது. அந்த 4 நிமிடம் பக்கத்தில் நிற்பவருடையது. அதற்குப் பிறகு வருகிற மணித்தியாலங்களும், நாளைக்கு இரவும், அதற்கு அடுத்த இரவும் சம்பளக்காரருடையவை. ஒருவரின் நேரத்தை மற்றவர் நிரப்ப ஏலாது. இதை விளங்காமல் யார் திறம் என்று கேட்டால் பதில் கிடையாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். வலிகாமத்தில் ஓர் ஊர், பங்குனி மாதக் காலை. கள்ளுச் சீவ ஏறினவருக்குக் காலில் மாட்டுகிற தளநார் அறுந்து, பனையின் பாதி உயரத்தில் இருந்து விழுந்துவிட்டார். கத்தி வைக்கிற இயனக்கூடு ஒருபக்கம், முட்டி உடைந்து கள்ளு ஒருபக்கம். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் வழக்கமாக என்ன செய்வார்களோ அதைத்தான் செய்யப் பார்த்தார்கள்: ஒருவர் கக்கத்தில் பிடிக்க, ஒருவர் முழங்காலில் பிடிக்க, மடக்கி ஓட்டோவுக்குள் ஏற்றுவது. அன்றைக்கு அந்த வழியால் ரியூசனுக்குப் போன ஒரு பொடியன், என்னிடம் பழகினவன், சைக்கிளைப் போட்டுவிட்டுக் கத்தினான்: "ஒருதரும் தூக்காதேங்கோ! ஆடாமல் விடுங்கோ!" வயது போனவர்கள் அவனைப் பேசினார்கள். "உனக்கு என்னடா தெரியும், ஆள் செத்துப்போகப் போறான்." அவன் பதில் சொல்லவில்லை. தலைமாட்டில் முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் தலையை ஆடாமல் பிடித்தான். கிட்டத்தட்டக் கால் மணித்தியாலம் அப்படியே இருந்தான். எறும்பு கடித்ததாம், கையை எடுக்கவில்லை.

அவன் செய்த இன்னொரு வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இலவச அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு எடுத்த ஆளிடம், "ஒருத்தர் ஒழுங்கை முகப்பில போய் நில்லுங்கோ, கையை காட்டுங்கோ" என்று சொன்னான். எங்கள் ஒழுங்கைகளைத் தெரியும்தானே. பெயர்ப்பலகை இல்லை. "வைரவர் கோயிலடியால உள்ளுக்கு வந்து, புளியடியில திரும்பி, பச்சைக் கேற்" என்று சொன்னால் எங்களுக்கு விளங்கும். கொழும்புப் பக்கம் இருந்து தொலைபேசியில் கேட்கிறவருக்கு என்ன விளங்கும்? மதிலும் மதிலும் முட்டுகிற ஒழுங்கைக்குள் அம்புலன்ஸ் போகுமா, முகப்பில் நிற்பாட்டிவிட்டு ஸ்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமா என்பதும் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். முகப்பில் ஓர் ஆள் நின்றால் சில நிமிடங்கள் மிச்சம். அதற்கு எந்தச் சான்றிதழும் தேவை இல்லை.

அம்புலன்ஸ் வந்தது. ஈ.எம்.ரி. (வண்டியில் வருகிற அவசர மருத்துவப் பணியாளர்) இறங்கி, பொடியனை விலக்கவில்லை. "நீங்கள் அப்பிடியே பிடிச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டுக் கழுத்துப் பட்டியைப் போட்டார், பலகையை வைத்து நாலு பேரை ஒரே எண்ணிக்கைக்கு உருட்ட வைத்தார், பிராணவாயு கொடுத்தார், இரத்த அழுத்தம் பார்த்து எழுதினார். விழுந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, கால் கிடக்கோ?" இன்றைக்கு அவர் இடக் காலை இழுத்து நடக்கிறார். நடக்கிறார் என்பதுதான் செய்தி. அந்த இரண்டு பேரில் யார் திறம் என்று சொல்லும், பார்ப்போம்.

சம்பளப் பக்கத்துக்கு வருவோம். இலங்கையில் வீட்டு வாசலுக்கே வந்து இலவசமாக ஏற்றுகிற அம்புலன்ஸ் சேவை இப்போதைய வடிவில் ஆரம்பித்தது 2016 ஜூலையில்தான். இந்தியாவின் நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் 1990 சுவசெரிய தொடங்கியது. வடக்குக்கு அது வந்தது 2018 ஜூலை 21 அன்று. தொடக்க விழா யாழ்ப்பாணத்திலேயே நடந்தது, ரணில் விக்கிரமசிங்க நேரில் நின்றார், நரேந்திர மோடி காணொளி வழியாகப் பேசினார். அதே வருடம் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அது ஒரு மன்றமாக நிறுவப்பட்டது. வண்டியில் இரண்டு பேர்: நோயாளியைப் பார்க்கிற ஈ.எம்.ரி., ஓட்டுகிறவர். ஓட்டுகிறவரைப் "பைலட்" என்பார்கள். முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன்தான்.

என் வயதுக்காரருக்கு 1990 என்றால் தொலைபேசி இலக்கம் இல்லை. அது ஓர் ஆண்டு. சண்டை மறுபடி தொடங்கி மின்சாரம் போன ஆண்டு. ஒக்ரோபரில் முஸ்லிம் சனங்கள் ஊரை விட்டு அனுப்பப்பட்ட ஆண்டு. அதற்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடையாது. ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். வருத்தக்காரரைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுபோனோம். சாய்மனைக் கதிரையோடு தூக்கி ரக்ரர் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனோம். பிரசவ வலியோடு வந்தவர்களும் அப்படித்தான் வந்தார்கள். இந்தப் பாரம்பரியத்தால்தான் எங்கள் சனத்துக்கு "உடனே தூக்கு, உடனே ஏற்று" என்ற புத்தி ஊறிப்போனது. அந்தக் காலத்தில் அது சரியாகவும் இருந்தது, வேறு வழி இல்லை. இப்போது வழி இருக்கும்போதும் கை தன்பாட்டில் தூக்கப் போகிறது.

1990 அம்புலன்ஸையும் ஆஸ்பத்திரியின் சொந்த நோயாளர் காவு வண்டியையும் பலர் குழப்புகிறார்கள். முதலாவது, விபத்து நடந்த இடத்தில் இருந்தோ வீட்டில் இருந்தோ அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. இரண்டாவது, ஓர் ஆஸ்பத்திரியில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறது: பருத்தித்துறை, சாவகச்சேரி, தெல்லிப்பழை, ஊர்காவற்றுறை போன்ற ஆதார வைத்தியசாலைகளில் இருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கு. அந்த வண்டிச் சாரதிகள் சுகாதாரத் துறையின் ஊழியர்கள். வேலை எடுக்க நினைக்கிற உமக்கு இந்த வித்தியாசம் முக்கியம். விண்ணப்பம் போகிற இடம் வேறு, பயிற்சி வேறு, ஓய்வூதியக் கதையும் வேறு.

சம்பளக்காரரின் உண்மையான பெறுமதி எது என்று கேட்டால், திறமையைவிட முதலில் நான் சொல்வது வருகைப் பட்டியலைத்தான். தொண்டர் "இன்றைக்கு ஏலாது, வீட்டில் அந்தியேட்டி" என்று சொல்லலாம். சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது, அதுதான் தொண்டு. மார்கழி மழையில் விடியப்புறம் 3 மணிக்கு, தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வந்தே ஆக வேண்டியவர் சம்பளக்காரர். அப்படி வரவைக்கிற கட்டுப்பாட்டுக்குத்தான் காசு. நோயாளிக்கு அவர் தருகிற அன்புக்கு இல்லை. நாளுக்கு நாள் ஒரே வேலையைச் செய்வதால் கையில் ஏறுகிற பழக்கமும் உண்டு. ஊசி ஏற்ற நரம்பு பிடிக்கிறவருக்கு வாரத்தில் ஒரு நாள் போதாது.

அதே நேரம் சம்பளக்காரரால் முடியாத ஓர் இடம் இருக்கிறது: சனக்கூட்டம். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த 25 நாளும் வீதியைச் சுற்றி நிற்க ஆட்களைச் சம்பளத்துக்கு வைப்பது நடக்காத காரியம். செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் படையணி என்று சீருடைப் பிள்ளைகள் நிற்பது அதனால்தான். வந்து பாரும், அங்கே பெரிய வெட்டுக்காயம் கிடையாது. விடியப்புறம் வீதியில் உருண்டு பிரதட்டை செய்த ஆண்கள், மணலும் வியர்வையுமாக எழும்பும்போது தலை சுற்றி விழுவார்கள். அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடி அழித்துவந்த அம்மாமாருக்குக் கால் இழுக்கும். செருப்பில்லாமல் மத்தியான வெயிலில் நின்ற பிள்ளைகளுக்கு உள்ளங்கால் கொப்பளிக்கும்.

தேருக்கு முந்தின நாள் ஒரு பிள்ளை, உம்முடைய வயதுதான், என்னைத் தேடி ஓடிவந்தா. "சேர், ஒரு அம்மம்மா சாமி வந்தமாதிரி ஆடுறா, சனம் கும்பிடுது, ஆனா எனக்கு அது சாமி மாதிரித் தெரியேல்லை." போய்ப் பார்த்தேன். கை நடுங்குது, உடம்பு தெப்பமாக வியர்த்திருக்கு, சொல்வது கோர்வையாக இல்லை. சுற்றி நின்றவர்கள் விபூதி போடச் சொல்கிறார்கள். பிள்ளை அவவின் சேலைத் தலைப்பு முடிச்சை மெதுவாக அவிழ்த்துப் பார்த்தா. சில்லறை, ஒரு கற்பூரப் பெட்டி, நீரிழிவுக் குளிசை ஒரு காட். விடியக் குளிசை போட்டிருக்கிறா, விரதம் என்று சாப்பிடவில்லை, இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. விழுங்குகிற நினைவு இருந்தபடியால் சீனியைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். நினைவு இல்லாதவருக்கு வாயில் ஒன்றும் விடக்கூடாது, சீனித் தண்ணீர் ஆனாலும்தான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அம்மம்மா எங்களை நிமிர்ந்து பார்த்து, "பிள்ளை, என்ரை முடிச்சை ஏன் அவிழ்த்தனீ?" என்று பேசத் தொடங்கினா. எனக்குச் சந்தோசம். ஆள் பழைய நிலைக்கு வந்துவிட்டா என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி இல்லை. பிறகும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், குளிசையின் வேகம் அடங்கும் முன் சீனி மறுபடி இறங்கும்.

வெளிநாட்டுக் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொண்டரில் தொடங்கிச் சம்பளத்துக்கு வந்த பாதை அங்கேதான் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரோனோக் நகரில் ஜூலியன் வைஸ் என்பவர், சின்ன வயதில் இரண்டு பேர் ஆற்றில் மூழ்கி இறந்ததைக் கரையில் நின்று பார்த்தவர். 1928இல் தன்னோடு புகையிரதக் கம்பனியில் வேலை செய்தவர்களைச் சேர்த்து ஒரு தொண்டர் மீட்புக் குழுவைத் தொடங்கினார். அது அந்த நாடு முழுக்கப் பரவியது. ஆனால் பெரிய நகரங்கள் சிலவற்றில் 1960கள் வரைக்கும் நோயாளியைப் பொலிஸ் வானில் போட்டுக் கொண்டுபோகிற நிலைமைதான், பின்னால் பார்க்க ஆள் இல்லை.

பிற்ஸ்பேர்க்கில் 1967இல் ஃபிரீடம் ஹவுஸ் என்ற சேவை வந்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹில் பகுதியில், வேலை இல்லை, உதவாக்கரைகள் என்று ஊர் ஒதுக்கிய ஆட்களை எடுத்து, நெஞ்சை அமுக்கி மூச்சுக் கொடுக்கிற சீ.பி.ஆர். முறையை வளர்த்த வைத்தியர் பீற்றர் சஃபார் நூற்றுக் கணக்கான மணித்தியாலம் பழக்கினார். சம்பளமும் கொடுத்தார்கள். சஃபாரின் மகள் அதற்கு முந்தின வருடம்தான் ஆஸ்மாவால் இறந்திருந்தாள். அந்த ஆட்கள் நாட்டுக்கே முன்மாதிரி ஆனார்கள். 1975இல் நகரசபை சேவையைத் தன் கையில் எடுத்தது, உயிரைக் கொடுத்து வேலை செய்த பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். கறையான் எல்லா ஊரிலும் உண்டு, தங்கச்சி.

உமக்கு வெளியில் சொந்தக்காரர் இருப்பார்கள், அவர்களிடமும் கேட்டுப் பாரும். ஒஸ்ரியாவில் ஒரே அம்புலன்ஸில் செஞ்சிலுவைத் தொண்டரும் சம்பளக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போவார்கள். இராணுவத்துக்குப் போக விரும்பாத பொடியன்கள் 9 மாதக் குடிமைச் சேவையை அதில் செய்வதும் உண்டு. ஜேர்மனியில் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அவசர மருத்துவ உதவியாளர் ஆக 3 வருடம் படிக்க வேண்டும், சுவிஸிலும் 3 வருடம். கனடாவில் ஒன்ராறியோ என்றால் 2 வருடக் கல்லூரிப் படிப்பு. பிரித்தானியாவில் கிராமப்புறங்களில் அம்புலன்ஸ் வரும் முன் போய்ச் சேருவதற்கென்றே பயிற்றப்பட்ட உள்ளூர்த் தொண்டர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கைகளுக்கு ஏற்ற மாதிரி அதுதான் என்பது என் எண்ணம். தொலைபேசியை எடுத்த நிமிடமே அந்த வட்டாரத்துத் தொண்டருக்கும் தகவல் போனால், அந்தப் பனையடிப் பொடியன் தற்செயலாக அந்த வழியால் போயிருக்கத் தேவை இல்லை.

தீவுகளில் இது நெடுங்காலமாகத் தன்பாட்டில் நடக்கிறது. நெடுந்தீவில் இரவில் ஒருவருக்கு நெஞ்சு நோ என்றால், அங்குள்ள ஆஸ்பத்திரியில் முதல் வைத்தியம் பார்த்துவிட்டுக் கடல் தாண்டித்தான் அனுப்ப வேண்டும். குறிகட்டுவான் துறைக்குக் கடலில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம், பிறகும் தரைவழி. கடற்படைப் படகோ வேறு படகோ வருவதற்குள் நோயாளியைத் துறைக்குக் கொண்டுவந்து, ஆடுகிற படகில் சாய்க்காமல் இறக்குவது அயலட்டைக்காரர். அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, சீருடையும் இல்லை, தொண்டர் என்ற பெயரும் இல்லை. கடல் கொந்தளிக்கிற வாடைக்காற்றுக் காலத்தில் அந்தத் துறையில் ஒரு தடவை நின்று பார்த்தால் தெரியும், ஸ்ரெச்சர் தூக்கவும் ஒரு படிப்பு வேண்டும்.

தொண்டர் தாண்டக்கூடாத கோடு ஒன்றும் உண்டு. பழகினதை மட்டும் செய்வது. இரவில் பாயில் படுத்திருந்தவருக்கு எட்டடி விரியன் கடித்தால் பல நேரம் கடித்ததே தெரியாது. விடியப்புறம் வயிற்றுக்குத்து என்பார், கண் இமை தூக்க ஏலாது என்பார். அங்கே தொண்டரின் வேலை: நடக்க விடாதே, மோதிரம் காப்பைக் கழற்று, கயிறு போட்டு இறுக்காதே, வெட்டாதே, உறிஞ்சாதே, ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. விசமுறி மருந்து அங்கேதான் இருக்கிறது. மூச்சுத் தசைகள் செயலிழந்தால் மூச்சுக் கொடுக்கிற இயந்திரமும் அங்கேதான். கையில் ஒரு பெட்டி இருக்கிறது என்பதற்காக அரை வைத்தியர் ஆகிவிடுகிற தொண்டர்களை நான் கண்டிருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு நோயாளியை மூட்டைபோல ஏற்றுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டுக்கும் மருந்து பயிற்சியும், செய்ததை எழுதிவைக்கிற பழக்கமும்தான்.

இன்னொன்று, ஒருவரும் முதலில் சொல்லமாட்டார்கள். இந்த வேலை நித்திரையைக் கெடுக்கும். கிணற்றில் இருந்து எடுத்த பிள்ளையின் நெஞ்சை அமுக்கினால், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற அந்தக் கணக்கு மாதக் கணக்கில் தலைக்குள் ஓடும். சம்பளக்காரருக்கு அடுத்த நாள் பக்கத்தில் கதைக்க ஓர் ஆள் இருக்கிறார், அதே வண்டியில் வந்தவர். தொண்டர் தனியாக வீட்டுக்குப் போகிறார், அம்மா சோறு போடுகிறா, சாப்பிட ஏலாமல் இருக்கிறார். அதனால் சேருகிற இடத்தில் உம்மைவிட மூத்தவர் ஒருவர், கூப்பிட்டால் கதைக்கக்கூடியவர், இருக்கிறாரா என்று பாரும்.

இனி உமக்கு என்ன செய்யச் சொல்வேன்? சேரும். வாரத்தில் ஒரு நாள், திருவிழாக் காலத்தில் நாலைந்து நாள், அவ்வளவுதான். மிச்ச நாளில் படியும், அல்லது சம்பளம் வருகிற ஏதாவது செய்யும். சேரும்போதே மூன்று கேள்வி கேளும்: என்ன பயிற்சி தருவீர்கள், அதற்குச் சான்றிதழ் உண்டா? கடமையில் எனக்கு ஏதாவது நடந்தால் காப்புறுதி உண்டா? பஸ் காசும் சாப்பாடும் யார் பொறுப்பு? யாராவது "வந்து நில்லும், பிறகு நியமனம் பார்க்கலாம்" என்று சொன்னால், அதை ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொல்லும். தரமாட்டார்கள். அப்போது எழும்பி வந்துவிடும், மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு.

1990 அம்புலன்ஸ் சேவையில் வேலைக்கு விளம்பரம் வரும்போது நேரே விண்ணப்பியும். தொண்டராக இருந்தது நேர்முகத் தேர்வில் கைகொடுக்கலாம், ஆனால் அது நியமனத்துக்குச் சீட்டு இல்லை. பெண் பிள்ளைக்கு இது சரிவருமா என்று அம்மா கேட்டால், பிரசவ வலியோடு ஏறுகிற பிள்ளை பின்னால் யார் இருந்தால் ஆறுதலாக இருப்பாள் என்று திருப்பிக் கேளும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் பழக்குகிற வகுப்புக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும். சீனி இறங்கினால் என்ன செய்வது என்பதை அவவுக்கு முன்னாலேயே உமக்குக் காட்டித் தருகிறேன். அவ வருகிற நேரம் வெறும் வயிற்றோடு வரவேண்டாம் என்று சொல்லும். தலைமயிரை இறுக்கிக் கட்டும், காப்பு மோதிரம் வேண்டாம். மறக்காமல் ஒரு பழைய பாய் கொண்டு வாரும், சீமெந்துத் தரையில் நெஞ்சு அமுக்கப் பழகினால் முழங்கால் தோல் உரியும்.